டேவிட் ஹியூம்

வீரசாகசப் படங்களிலே துப்பாக்கி முழங்குகிறது. மறுகணம் பகைவன் வீழ்கிறான். குண்டு பட்டே வீழ்ந்தானென்று துணிகிறோம். அவ்விரு காட்சிகளும் வெவ்வேறு நாட்களிற் பிடிக்கப்பட்டு ஒட்டப்பட்டனவாயிருத்தல் கூடும். இத்தகைய துணிபு எங்ஙனம் பிறக்கின்றதென்பதைத் திரைப்படம் தோன்றுமுன்னரே ஆராய்ந்தவர் டேவிட் ஹியூம் என்னும் பேரறிஞர்.

இவர் 1711-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சட்டம் பயிலுமாறு சுற்றத்தார் விரும்பினர். இவருள்ளமோ தத்துவத்தையே நாடிற்று. 1739-இல், தமது 27-ஆம் வயதில், முதல் நூலை வெளியிட்டார். ஒரு பந்து மோத மற்றொன்று உருளுகின்றது. இரண்டனையும் பிணிக்கும் ஆற்றலை எவரும் கண்டிலர். பலகாற் கண்ட பழக்கமே ஒன்றிலிருந்து மற்றொன்றை எதிர்பார்க்கச் செய்கின்றது என்பது இவர் கொள்கை.

அந்நூலை அந்நாளில் மதித்தார் சிலரே. 1745-இல் எடின்பரோ சர்வகலாசாலையில் ஆசிரியப் பதவியை நாடியபோது, காரணமின்றியும் காரியம் உண்டாகுமென்று போதிப்பவர், நாத்திகர் என்று பழிதூற்றி அதனை மறுத்தனர். இவரோ காரணத்தை மறுத்தவரல்லர். அதனை நாம் அறியும் வழியையே ஆராய்ந்தவர். பின்னர் எழுதிய இங்கிலாந்து சரித்திரத்தாற் புகழும் பொருளும் எய்தி, 1776-இல் கலங்காத சிந்தையுடன் உயிர்நீத்தார்.

கண் கண்டது எது, மனம் கூட்டியது எது எனப் பகுத்துணர்வோமாயின், பிறர்மேற் பழிசுமத்துமுன் நாமும் சற்றே தயங்குவோம்.