சவலைப் பிள்ளையைக் கண்டுகொண்ட டாக்டரம்மா

கைப்பிள்ளைக்கு வயது ஒன்று ஆகும் முன்னே அடுத்தது வயிற்றில் வந்துவிட்டால், மூத்தது சவலையாகிப் போகும் என்று நம் பாட்டிமார் சொல்லுவாங்க. ரிங்லெட் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இந்தச் சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் நின்று போன பிள்ளை வாடிப்போய், எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு கிடக்கும்.

பாட்டிமார் பேச்சில் மருத்துவம் ஏது என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலத்தில், தாய்மார் சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு டாக்டரம்மா இருந்தார். நம் மலாயாவிலும் வேலை பார்த்தவர். அவர்தான் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார்.

அம்மையார் 1893-ஆம் ஆண்டு ஜமைக்கா தீவில் பிறந்தவர். நம்மவர்களைப் போலவே இந்தியக் கூலிகள் கப்பலேறிப் போய்க் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவு அது. இங்கிலாந்தில் படித்து 1923-இல் டாக்டரானார். பெண் டாக்டருக்கு அந்நாளில் வேலை கிடைப்பதே கஷ்டம். 1929-இல், இங்கே நம் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய அதே ஆண்டில், அவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டுக்கு அனுப்பப்பட்டார். இன்று கானா எனப்படும் நாடு அது.

அங்கே ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகள் கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி மடிந்துகொண்டிருந்தன. இது என்ன நோய் என்று அம்மையார் தாய்மாரிடமே விசாரித்தார். அவர்கள் குவாஷியோர்க்கர் என்று ஒரு பேர் சொன்னார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று அதற்கு அர்த்தமாம். நம் பாட்டிமார் சொன்ன சவலையும் அந்த ஆப்பிரிக்கத் தாய்மார் சொன்னதும் முழுக்க ஒரே நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் காரணத்தை ஒரே இடத்தில்தான் கண்டார்கள்.

அம்மையாருக்கு விஷயம் பிடிபட்டது. தாய்ப்பாலை மறக்கவைத்த பிள்ளைக்கு வெறும் சோளக்கஞ்சிதான் கிடைத்தது. உடம்பை வளர்க்கும் புரதச்சத்து அதில் போதவில்லை. 1933-இல் இதை எழுதினார். இது ஏற்கெனவே தெரிந்த வேறு நோய்தான் என்று பெரிய டாக்டர்கள் மறுத்தார்கள். அம்மையார் விடவில்லை. 1935-இல் அந்தத் தாய்மார் சொன்ன பேரையே தலைப்பாக வைத்து மறுபடியும் எழுதினார். இன்று உலகத்து மருத்துவப் புத்தகங்களிலெல்லாம் அந்தப் பேர்தான் இருக்கிறது.

1936-இல் அம்மையார் மலாயாவுக்கு மாற்றலாகி வந்து, சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அங்கே வேறொரு கொடுமையைக் கண்டார். பால் டின் விற்கும் கம்பெனிகள், பெண்களுக்கு மிஸ்ஸி மாதிரி உடை போட்டு ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பின. தாய்ப்பாலை விட டின்னில் வரும் இனிப்புப் பால் உசத்தி என்று அவர்கள் பிள்ளை பெற்றவளிடம் சொன்னார்கள். அதை நம்பி மார்பில் பால் வற்றவிட்ட தாய்மார் எத்தனையோ பேர். டின் பாலில் சர்க்கரை இருந்தது, சத்து போதவில்லை. கரைத்த தண்ணீரும் சுத்தமில்லை. பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் மாண்டன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னிலையில், இது கொலைக்குச் சமம், இதற்குத் தண்டனை வேண்டும் என்று அம்மையார் முகத்துக்கு நேரே பேசினார்.

1941-இல் திரங்கானுவுக்கு அனுப்பப்பட்டார். ஜப்பான்காரன் வந்ததும் தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அதுவும் 1942-இல் விழுந்தது. மூன்றரை ஆண்டு சிறைவாசம். அதில் சில மாதங்கள் ஜப்பானிய ராணுவப் போலீஸின் பிடியில் சித்திரவதையும் பட்டினியும். அந்தச் சிறைமுகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. அரை வயிற்றுக் கஞ்சி குடித்த தாயின் பால் செய்த வேலை அது!

விடுதலையான பிறகு மலாயாவின் தாய் சேய் நலப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் அதே பகுதிக்கு முதல் தலைவரானார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பாலின் விளம்பரத்துக்கு அந்த நிறுவனம் 1981-இல் உலக விதிமுறை கொண்டுவந்ததை அம்மையார் கண்ணாரக் கண்டார். 1992-இல், 98-ஆம் வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பழசு எல்லாம் பொய்யுமில்லை, எல்லாம் மெய்யுமில்லை. சவலை என்று கண்டுகொண்டது நம் பாட்டிமாரின் அறிவு. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வேலைக்கு விடாமல் வைத்ததும் அறிவுதான். ஆனால் மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது தப்பு. பிள்ளைக்கு நோய் தாங்கும் சக்தி தரும் முதல் மருந்தே அந்தச் சீம்பால்தான். பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரையும் கீரையையும் மீனையும் குறைத்தால் பால் எங்கிருந்து ஊறும்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயது வரை பாலோடு முட்டை, பருப்பு, மீன் என்பதே இன்றைய டாக்டர்கள் சொல்லும் வழி. பிள்ளை சவலை பாய்ந்து, கால் வீங்கினால் தோஷம் என்று கயிறு கட்டிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

2023 முதல் நம் நாட்டுச் சட்டப்படி பிரசவ விடுமுறை 98 நாள். தாய்மார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்கள் உங்கள் பிள்ளையின் பால் நாட்கள். கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டால் வீட்டில் என்ன கொடுத்தோம், பாட்டி என்ன அரைத்தார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாய்மார் வாய் திறந்து சொன்னதால்தானே ஒரு டாக்டரம்மா உலகத்துக்கே பாடம் சொல்ல முடிந்தது!