மர்மக் கதையின் முன்னோடி அறிஞர் சித்திலெவ்வை

துப்பறியும் கதைகளைப் படிப்பது வீண்பொழுது போக்குவதே எனப் பெரியோர் கடிந்துரைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஆயின், குற்றமும் மர்மமும் இழைந்த நெடுங்கதையைத் தமிழில் முதன்முதலாகப் படைத்தோருள் ஒருவர், சமுதாயத்தின் கல்விக்கெனவே வாழ்ந்த சான்றோர் என்பதை அறிந்தோர் சிலரே. அவரே அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை.

சிங்கம்புணரியை உள்ளடக்கிய நம் வட்டாரத்திற்கு இலங்கை அயல்மண் அன்று. செட்டிநாட்டு வணிகர் பலர் கடல் கடந்து சென்று தொழில் நடத்திய நாடு அது. அந்நாட்டின் கண்டி மாநகரில் 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் சித்திலெவ்வை பிறந்தார். 1862இல் வழக்கறிஞரானார், கண்டி நகராட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். குற்றம், சாட்சி, வழக்கு ஆகியவற்றை அவர் ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். நாள்தோறும் நேரில் கண்டவர்.

1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என இதனை ஆய்வாளர் பலர் போற்றுவர். தமிழகத்தில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறி ஆறாண்டுகளே கடந்திருந்தன. மேனாட்டில் எட்கர் ஆலன் போ 1841இலேயே துப்பறியும் கதைக்கு வித்திட்டிருந்தார். எனினும் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக வாசகர்முன் தோன்றியது 1887இல்தான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் தமிழகத்தைக் கவர்ந்ததோ இருபதாம் நூற்றாண்டில்.

எகிப்தின் கெய்ரோ நகரில் உயர்குடியிற் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. தன் பிறப்பின் மறை அறியாமலே அசன் பம்பாயில் வளர்கிறான். கல்கத்தா சென்று கல்வி பெறுகிறான். இறுதியில் எகிப்தை அடைந்து, தன் குலத்தையும் 'பே' என்னும் பட்டத்தையும் பெறுகிறான். குழந்தையைத் திருடியோர் யார், அவன் யார் மகன் என்னும் வினாக்களே கதையை நடத்துகின்றன. எகிப்தின் விடுதலை வீரர் ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்ததும், சித்திலெவ்வை அவருடன் பழகியதும் ஈண்டு நினையத்தக்கன.

இழந்த அடையாளத்தை அசனுக்கு மீட்டுத் தர உதவுவது கல்வியும் நல்லொழுக்கமுமே. இதனையே ஆசிரியர் தம் வாழ்விலும் நாடினார். ஆங்கிலக் கல்வியை ஐயுற்று விலகி நின்ற சமுதாயத்தில், எதிர்ப்புகளுக்கிடையே பள்ளிகள் நிறுவினார். பெண்மக்களும் கல்வி பெற வழிகோலினார். வாப்பிச்சி மரைக்காருடன் இணைந்து 1892இல் கொழும்பில் அவர் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அறுபது அகவை நிறையுமுன், 1898 பிப்ரவரி 5ஆம் நாள் மறைந்தார்.

கதையை அவர் சிறுமையாகக் கருதவில்லை. அறவுரைக்குச் செவிகொடாதவரும் கதைக்குச் செவிகொடுப்பர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம். ஆகவே, மாணவர் கையில் மர்ம நாவலைக் கண்டால் அதனைப் பறிப்பதினும், அதனோடு 'அசன்பே சரித்திர'த்தையும் சேர்த்துக் கொடுப்பதே நம் கடன்.