வரப்பிலிருந்து வந்த முதல்வர்

குழந்தைகளே, சென்னை அண்ணா சாலை வழியாகப் போனால் "ஓமந்தூரார் அரசினர் தோட்டம்" என்று ஓர் இடம் வரும். அங்கே பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு, தோட்டம் எங்கே, ஓமந்தூரார் யார் என்று நீங்கள் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவர்தான் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். நம் நாடு விடுதலை அடைந்த 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தை ஆண்டவர். பதவியை விட்ட பிறகு கடலூர் மாவட்டத்து வடலூருக்கு வந்து, தம் கடைசிக் காலம் வரை பள்ளியும் இல்லங்களும் நடத்தியவர்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது ஓமந்தூர் கிராமம். இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாமே தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம். ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் ராமசாமி பிறந்தார். வசதியான விவசாயக் குடும்பம். ஏர், எரு, விதை, கிணறு, மழை என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தார்.

காந்தியடிகளின் வழி அவரைக் கவர்ந்தது. கதர் உடுத்தினார். விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். தென்னாற்காடு மாவட்டத்துக் காங்கிரசை வளர்த்தார். பிறகு தமிழ்நாடு காங்கிரசுக்கே தலைவரானார். ஆனாலும் பதவி தேடி அவர் அலையவில்லை. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும், வடலூர் வள்ளலாரின் கொள்கையிலும் அவருக்கு ஆழ்ந்த பற்று உண்டு.

1947 மார்ச் 23-ஆம் நாள் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாண அரசின் தலைவரை அப்படித்தான் அழைத்தார்கள். பின்னர்தான் முதலமைச்சர் என்ற பெயர் வந்தது. மாகாணமும் இன்றைய தமிழ்நாட்டை விட மிகப் பெரியது. வடக்கே விசாகப்பட்டினம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரவியிருந்தது. மேற்கே மலபாரும் அதில் சேர்ந்திருந்தது.

பாரத்தைக் குறைத்தார்

ஓர் ஊர் ஏன் ஏழையாகவே இருக்கிறது? சோம்பலால் என்று சிலர் சொல்வார்கள். அன்றைய கிராமங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் தெரிந்தது.

ஆங்கிலேயர்கள் 1802-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் ஜமீன்தாரி முறையைக் கொண்டுவந்தார்கள். ஜமீன்தார் அரசுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டுவார். உழவர்களிடம் வரி வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு. ஜமீனுக்குப் பக்கத்திலேயே அரசுக்கு நேராக வரி கட்டும் கிராமங்களும் இருந்தன. அதற்கு ரயத்துவாரி முறை என்று பெயர். ஒரே மண், ஒரே மழை. ஆனால், பல ஜமீன்களில் உழவர் கட்டிய வரி பக்கத்து ரயத்துவாரி கிராமத்து வரியை விடப் பல மடங்கு இருந்தது!

வரி கட்டியதும் உழவர் கையில் என்ன மிஞ்சும்? நல்ல விதை வாங்கப் பணம் இருக்காது, கிணறு வெட்ட முடியாது. உழவர் கையில் காசு இல்லாவிட்டால் ஊர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் நெசவாளருக்கும் வேலை இருக்காது. சந்தைக் கடைகளிலும் விற்பனை நடக்காது. இப்படி ஒருவர் வறுமை ஊருக்கே வறுமையாகும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஓமந்தூராரின் அரசு இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. முதலாவது, 1947-ஆம் ஆண்டின் ஜமீன் வரிக் குறைப்புச் சட்டம். பக்கத்து ரயத்துவாரி நிலத்துக்கு என்ன வரியோ, அதை ஒட்டியே ஜமீன் நிலத்து வரியும் இருக்க வேண்டும் என்றது அது. இரண்டாவது, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன்தார்களுக்கு இழப்பீடு கொடுத்து, ஜமீன்களை அரசே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. பயிரிட்டு வந்த உழவர்கள் அரசிடம் நேராகப் பட்டா பெறலாம்.

இதனால் எல்லார் குறையும் தீர்ந்துவிட்டதா? இல்லை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளர்களுக்கு இந்தச் சட்டம் நிலம் தரவில்லை. அவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நூற்றைம்பது ஆண்டுப் பாரம் ஒன்று இறங்கத் தொடங்கியது பெரிய செய்திதான்.

அதே காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்லும் உரிமையைப் பெற்றுத் தரும் சட்டமும், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டமும் வந்தன. இரண்டும் 1947-ஆம் ஆண்டுச் சட்டங்களே.

கடன் கொடுக்க ஒரு கழகம்

பாரத்தை இறக்கினால் மட்டும் போதுமா? எழுந்து நிற்க ஒரு கையும் வேண்டுமே.

உங்கள் ஊரில் ஒருவர் சிறிய பட்டறை தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை தெரியும், உழைக்கவும் தயார். ஆனால் இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. வட்டிக்கடைக்காரரிடம் போனால் வட்டி கட்டியே ஓய்ந்துபோவார். அந்தக் காலத்து வங்கிகளோ, பெரும்பாலும் குறுகிய காலக் கடனே கொடுத்தன. இயந்திரமோ வாங்கிய மறுநாளே லாபம் தராது. பொருள் செய்து, விற்று, பணம் வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுத்திருக்கும் கடன்தான் தொழிலுக்கு வேண்டும். இதற்கு நீண்ட காலக் கடன் என்று பெயர்.

இந்தத் தேவைக்காக 1949 மார்ச் மாதத்தில் சென்னைத் தொழில் முதலீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் ஒரு மாநில அளவில் தொழில்களுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்க ஏற்பட்ட முதல் கழகம் இதுதான்! ஓமந்தூரார் பதவியில் இருந்த கடைசி நாட்களில் இது பிறந்தது. இன்று இதன் பெயர் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். குறுந்தொழில், சிறுதொழில் செய்பவர்களுக்கு இன்றும் அது கடன் வழங்கி வருகிறது.

கிராமங்களுக்கென்று பிர்கா வளர்ச்சித் திட்டமும் நடந்தது. பிர்கா என்றால் பல கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டம். இப்போது குறுவட்டம் என்கிறோம். இவருக்கு முன் ஆண்ட பிரகாசம் காலத்தில், 1946-இல், 34 பிர்காக்களில் தொடங்கிய திட்டம் அது. சாலை, குடிநீர், சுகாதாரம், விவசாயம், கைத்தொழில் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வளர்ப்பதே அதன் நோக்கம். ஓமந்தூரார் காலத்திலும் அது தொடர்ந்தது. 1950-இல் மேலும் 50 பிர்காக்கள் சேர்க்கப்பட்டன.

மண்ணுக்குள் கறுப்புத் தங்கம்

ஓமந்தூராரின் சொந்த மாவட்டத்திலேயே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் 1930-களில் கிணற்றுக்குத் துளையிட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே சுரங்கம் வெட்ட முடியும்? 1947 முதல் சென்னை அரசு, எச்.கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளரைக் கொண்டு அங்கே வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தது. பல கோடி டன் நிலக்கரி புதைந்து கிடப்பது உறுதியானது.

பின்னர் காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956-இல், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. நிலக்கரிக்கு மேலே வெட்டி எடுத்த களிமண்ணும் வீணாகவில்லை. வடலூரிலும் விருத்தாசலத்திலும் பீங்கான் தொழில் வளர அது துணை செய்தது. தங்கள் நிலத்தைக் கொடுத்து வேறிடம் போன கிராமத்து மக்களின் தியாகமும் இதில் உண்டு. அதையும் நாம் மறக்கக் கூடாது.

சிபாரிசுக்கு இடமில்லை

ஆட்சியில் ஓமந்தூரார் மிகக் கண்டிப்பானவர். சொந்தக்காரர், கட்சிக்காரர் யாராக இருந்தாலும் சிபாரிசு என்று வந்தால் அவரிடம் காரியம் நடக்காது. கடனோ, உரிமமோ, வேலையோ தகுதி உள்ளவருக்கே போக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். யோசித்துப் பாருங்கள். சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கிய பணம் சிபாரிசு உள்ளவருக்குப் போனால், உண்மையான ஏழைத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் பதவியை விட்டு விலகினார். குமாரசாமி ராஜா அடுத்த முதல்வரானார். ஓமந்தூரார் ஆண்டது இரண்டே ஆண்டுகள். ஜமீன்களை அரசு கையில் எடுத்ததும், நெய்வேலியில் சுரங்கம் வெட்டியதும் அவர் போன பிறகுதான். கன்று நட்டவர் அவர். பழம் பறித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

வடலூரில் புது வாழ்வு

பதவி போனதும் அவர் எங்கே போனார்? வடலூருக்கு!

வடலூர் என்றாலே நினைவுக்கு வருபவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். பசித்தவர்களுக்குச் சோறிட அவர் 1867-இல் அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கினார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பார்வதிபுரம் என்ற அந்தக் கிராமத்து மக்கள்! அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 1872-இல் சத்திய ஞான சபை எழுந்தது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

அந்த மண்ணில் ஓமந்தூரார் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். வள்ளலார் குருகுலம் என்ற பள்ளி தோன்றியது. பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு இல்லம், முதியவர்களுக்கு இல்லம் என்று வளர்ந்தது. விவசாயமும் நடந்தது. ஒரு மாகாணத்தையே ஆண்டவர், ஆதரவற்ற பிள்ளைகளின் படிப்பையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டு எளிமையாக வாழ்ந்தார். பசிக்கு வள்ளலார் சோறிட்டார். பசியே வராமல் இருக்கக் கல்வி வேண்டும் என்று இவர் பள்ளி வைத்தார்.

1970 ஆகஸ்ட் 25-ஆம் நாள் ஓமந்தூரார் மறைந்தார். அவர் பிறந்த ஊரில் அரசு அவருக்கு மணிமண்டபம் அமைத்திருக்கிறது.

அடுத்த முறை வடலூர் தைப்பூசத்துக்குப் போனால், குருகுலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் தெருவில் சின்னப் பட்டறையோ, தையற்கடையோ இருந்தால், தொழில் தொடங்க அவர்களுக்குக் கடன் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். எளியவர் தோளில் இருக்கும் பாரத்தை இறக்கி, எழுந்து நிற்கக் கை கொடுத்தால் போதும், மீதியை அவர் உழைப்பே பார்த்துக்கொள்ளும். ஓமந்தூராரின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதுதான்.