இப்னுல் பைதாரும் வெண்படையும்

என் வகுப்பில் ஒரு மாணவிக்குக் கையில் வெண்படை. தொற்றிவிடும் என்று பயந்து, அவளருகே தம் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம் என்றார் ஒரு தாய். அன்றுதான் வகுப்பில் இப்னுல் பைதாரின் கதையைச் சொன்னேன்.

ஸ்பெயினின் மாலகாவில் பிறந்தவர். கால்நடை வைத்தியரின் மகன் என்பதே பெயரின் பொருள். மூலிகை தேடி வட ஆபிரிக்கா எங்கும் அலைந்து, எகிப்தில் சுல்தான் அல்காமிலின் தலைமை மூலிகை அறிஞரானார். 1248இல் டமஸ்கஸில் வபாத்தானார்.

சுமார் 1,400 மருந்துகளைச் சொல்லும் அவரது நூலில் ஆத்ரீலால் என்ற செடியும் உண்டு. பர்பர் கோத்திரமொன்று இரகசியமாகக் காத்துவந்த வைத்தியம் அது. விதையை உண்டு வெயிலில் அமர்ந்தால் வெண்படையில் கொப்புளம் எழும். ஆறியபின் நிறம் திரும்பும். அதே செடியை மேய்ந்த ஆடுமாடுகளுக்கோ வெயிலில் தோல் வெந்துபோகும்!

1940களில் கெய்ரோவில் அவ்விதையின் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து நோயாளருக்குக் கொடுத்தார்கள். மெதொக்ஸலென் என்ற பெயரில், வைத்தியர் கண்காணிப்பில், இன்றும் அது பாவனையில் இருக்கிறது.