இரும்புக் கதவும் ஒரு செங்கல்லும்

ஹாஸ்டல் படிக்கட்டுப் பக்கம் ஒரு கனமான கதவு இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? விட்டா தானா மூடிக்கும். காத்து வரணும்னு நாமதான் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து திறந்தே வச்சிருப்போம். அந்தக் கதவு எதுக்குன்னு எனக்குப் புரிய வச்சவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

1800இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். படித்தது சர்வேயர் வேலை. 1824இல், 24 வயசில், அந்த நகரத்தின் தீயணைப்புப் படைக்குத் தலைவர் ஆனார். நம்மைவிட மூணு வயசுதான் அதிகம்! பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, நவம்பரில், நகரின் பழைய பகுதியில் பெரும் தீ. பல நாள் எரிந்தது. ஆளாளுக்கு உத்தரவு போட்டதில் யார் பேச்சைக் கேட்பதென்றே தெரியாத குழப்பம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன.

அதிலிருந்து அவர் ஒரு தொழிலையே உருவாக்கினார். கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர், பிளம்பர் என்று தேடித் தேடி ஆள் எடுத்தார். கட்டடம் எப்படி நிற்குதுன்னு தெரிஞ்சவனுக்குத்தானே அது எப்படி விழும்னும் தெரியும்? விடிவதற்கு முன்பே எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். தெருவில் நின்று புகை மேல தண்ணி அடிச்சா பிரயோஜனம் இல்லை, உள்ளே போய் தீ இருக்கும் இடத்தில் அடிக்கணும், புகைக்குள் தரையோடு தவழ்ந்து போகணும், அங்கேதான் மூச்சு விடக் காத்து இருக்கும் என்று கற்றுக் கொடுத்தார். 1830இல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார்.

1833இல் லண்டன் அழைத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய தீயணைப்புப் படை அது. இத்தனை பெரிய நகரத்துக்கு 80 பேர்தான். அங்கே அவருக்குப் பெரிய கவலை தேம்ஸ் நதிக்கரை குடோன்கள். குறுக்குச் சுவர் இல்லாத பிரம்மாண்ட கட்டடங்கள். தீ ஓரளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் எந்தப் படையாலும் அணைக்க முடியாது, அதனால் கட்டும்போதே சின்னச் சின்னதாகப் பிரிச்சுக் கட்டுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வார்ப்பிரும்புத் தூணை நம்பாதீங்க, சூடேறினா திடீர்னு உடையும் என்று 1849இல் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்திலேயே எச்சரித்தார்.

1861 ஜூன் 22. டூலி தெரு குடோன்களில் தீ. உள்ளே சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை. அறைகளுக்கு நடுவே தீயைத் தடுக்கும் இரும்புக் கதவுகள் இருக்கத்தான் செய்தன. ஆனா மூடலை, திறந்தே கிடந்தன. தீ அறை அறையாக நடந்து போனது. களைத்துப்போன தன் ஆட்களைக் கவனிக்கப் போன பிரெய்ட்வுட் மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. உடலை எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. தீ முழுசா அடங்க இரண்டு வாரம்.

நஷ்டத்தைப் பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் இனி எங்களால் முடியாது என்று கைவிரிக்க, 1865இல் சட்டம் வந்தது. 1866இல் லண்டனின் தீயணைப்பு பொதுப் பணியாக மாறியது. அவர் கேட்ட அந்தத் தடுப்பைத்தான் இன்னைக்கு நாம கம்பார்ட்மென்டேஷன்னு படிக்கிறோம்.

பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி அது. டூலி தெருவில் அதோட விலை வேற.

இதை எழுதி முடிச்சதும் எங்க மாடியில் இருந்த செங்கல்லை எடுத்துட்டேன். உங்க மாடியில் இன்னும் இருக்கா, பாருங்க.