கைவிளக்கேந்திய அம்மையாரும் என் மகனும்



மலருக்கு ஒரு பெரிய பெண்மணியைப் பத்தி எழுதிக் கொடுன்னு எங்கள் குழுத் தலைவி அக்கா கேட்டதும், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான் ஞாபகத்துக்கு வந்தாங்க. காரணம் என் மகன்.

அவனுக்கு எட்டு மாதம். ராத்திரி பூரா வயித்தால போச்சு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். எத்தனை தடவை போனான், கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான், அழுதா கண்ணீர் வருதான்னு நர்ஸம்மா கேட்டாங்க. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. ராத்திரி முழுக்க மடியில வச்சிருந்தும் கவனிக்காம விட்டிருக்கேன்! அவங்க வயித்துத் தோலை லேசா கிள்ளி விட்டாங்க. அது மெதுவாத்தான் பழையபடி படிஞ்சது. உடம்பில் நீர் வத்திப் போச்சுன்னு சொன்னாங்க. நல்லவேளை, பிள்ளை பிழைச்சான். நைட்டிங்கேல் அம்மையாரைப் பத்தி எனக்கு முதலில் சொன்னதும் அந்த நர்ஸம்மாதான்.

அம்மையார் 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு. அந்தக் காலத்தில் அது மரியாதையான வேலை இல்லை. பல வருடம் பொறுத்திருந்து, 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் பயிற்சி பெற்றார்.

1854இல் கிரிமியப் போர். 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். காயத்தில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். மறு வருடம் சாக்கடைகளைச் சுத்தம் செய்த பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது. ஊர் திரும்பியதும் கணக்கைப் பார்த்து, அதைப் படமாக வரைந்து அரசாங்கத்துக்கே காட்டினார். கணக்குப் புத்தகத்தின் அருமை நம்ம குழுப் பெண்களுக்குத் தெரியாதா என்ன!

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் எழுதிய செவிலியர் குறிப்புகள் நூலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நல்லாத் தூங்கினாரா என்று கேட்டால் பயனில்லை, எத்தனை மணி நேரம், எப்போது தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பார். 1861இல் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக அதே நூலை எளிமையாக்கி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். நல்ல காற்று, சுத்தம், கதகதப்பு, நேரத்துக்குச் சாப்பாடு, குழந்தையைத் திடுக்கிட வைக்காமல் இருப்பது என்று அதில் சொல்லித் தந்தார்.

1892இல், உடம்பு முடியாத வயதிலும், பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சுகாதாரம் சொல்லித்தரப் பெண்களைப் பழக்கும் திட்டத்துக்குத் துணை நின்றார். மேடைப் பேச்சு மட்டும் போதாது, தாய்மாரோடு சிநேகமாகப் பழகி அவர்கள் வீட்டிலேயே செய்து காட்டணும் என்பது அவர் எண்ணம். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராதவர், நம் கிராமங்களின் சுகாதாரத்துக்காகப் பல வருடம் எழுதினார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் மறைந்தார்.

எங்க குழுவில் இப்போ ஒரு பழக்கம். பிள்ளைக்கு முடியலைன்னா, எத்தனை தடவை வயித்தால போச்சு, எப்போ ஒண்ணுக்குப் போச்சு, என்ன குடிச்சதுன்னு ஒரு தாளில் நேரத்தோட எழுதி வைப்போம். இருமல், சளின்னா பிள்ளை அழாம இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுவோம். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40, அந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா உடனே ஆஸ்பத்திரி. பால் குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழலைன்னா ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். கலக்குவதை வாயால் சொல்லி விடுவதில்லை. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில் அந்தத் தாயையே கலக்கச் சொல்லிப் பார்ப்போம். அந்த நர்ஸம்மா என்னை அப்படித்தான் கலக்க வச்சாங்க.

என் மகன் இப்போ பத்தாவது படிக்கிறான். அடுத்த தடவை யாராவது கேட்டா, பதில் நம்ம கையில் இருக்கட்டும் சகோதரிகளே.