செருப்புத் தைப்பவர் மகன் தந்த கணக்கு

இந்த மாதம் நான் ஜார்ஜ் பூல் என்ற கணித மேதையைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1815 நவம்பர் 2-இல் இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். வீட்டில் வசதி இல்லாததால் கல்லூரிப் பக்கமே போகவில்லை. ஆனாலும் கிரேக்கம், உயர்கணிதம் எல்லாம் புத்தகத்தை வச்சுக்கிட்டு தானாவே படித்தார். 16 வயசில் குடும்பத்துக்காக வாத்தியார் வேலைக்குப் போனார். நம்மைவிட ரெண்டு வயசுதான் கூட! 19 வயசில் சொந்தமா பள்ளிக்கூடம் தொடங்கினார். 1849-இல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார், பட்டம் வாங்காமலே! இவர் மனைவி மேரி யார் தெரியுமா? எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் சகோதரர் மகள்.

1854-இல் பூல் எழுதிய நூலில் நாம் யோசிப்பதையே கணக்காக்கினார். சரி என்றால் 1, தவறு என்றால் 0. ரயில்வே கேட்டைப் பாருங்க. கேட் பூட்டியிருக்கணும், பாதையில் வேறு வண்டி இருக்கக்கூடாது. ரெண்டும் 1 ஆனால்தான் சிக்னல் பச்சை. 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற மாணவர் இந்தக் கணக்கை மின்சார சுவிட்சுகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். கம்ப்யூட்டருக்கு அதுவே அடிப்படை.

ஒரு இயந்திரத்தில் 20 சுவிட்ச் இருந்தால் 10,48,576 விதமாகப் போட்டு அணைக்கலாம். நிஜத்தில் இன்னும் எவ்வளவோ இருக்கும். ஒவ்வொண்ணா சோதித்து முடியுமா? அதனால் ஆபத்தான நிலை எப்போதுமே வராது என்று கம்ப்யூட்டரை வைத்தே கணக்குப்படி நிரூபிக்கிறார்கள்.

1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப் சில எண்களை மட்டும் தப்பாக வகுத்தது. 47 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டம்! அதற்குப் பிறகு அங்கே இந்த நிரூபண முறைக்கு மதிப்பு கூடியது. 1998-இல் பாரீசில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் 14-ஆம் பாதையில் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு மென்பொருளையும் நிரூபித்த பிறகே ஓட்டினார்கள். ஆனால் ஒன்று: நாம் எழுதிக் கொடுத்த விதியைத்தான் அது சரிபார்க்கும். ஒரு விதியை மறந்துட்டா அவ்வளவுதான்.

1864 நவம்பரில் பூல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்துபோய், ஈர உடையோடவே பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டு டிசம்பர் 8-இல் இறந்தார். வயசு 49. தன் கணக்கு ரயிலைக் காக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

போன பரீட்சையில் 'நிரூபி' என்ற கேள்விக்கு நான் ரெண்டு எண்ணைப் போட்டுப் பார்த்து சரின்னு எழுதினேன். மார்க் போச்சு. அப்போ டீச்சர் மேல கோபம் வந்தது. இப்போ இல்லை. அந்த ரயிலில் உட்கார்ந்திருப்பது நம்ம அம்மா, அப்பான்னா, ரெண்டு தடவை சரியா ஓடிச்சுன்னு விட்டுடுவோமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி